அப்பாவின் சம்மதம் நூறு சதவீதம்

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் மற்ற விஷயங்களைத் தொடங்குகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். சொல்லலாம்தான். ஆனால் பாதியிலேயே நீ பேச ஆரம்பிப்பாய், நானும் விடமாட்டேன், கடைசியில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு போனை வைப்போம். கடிதத்தில் நான் முடிக்கும் வரை நீ குறுக்கே பேச முடியாது, அதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா சம்மதம் சொல்லிவிட்டு மாற்றிப் பேசினார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை. அவர் சம்மதம் சொல்லவே இல்லை. உன் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிப்பின் பயிற்சிக்காக, நாங்கள் மூன்றாவது மாடியிலிருந்து இதே கட்டடத்தின் தரைத்தள வீட்டுக்கு மாறுவதையே ஒரு புராஜெக்டாகப் போட்டு, எங்கள் எல்லோரையும் அந்த சாஃப்ட்வேரில் சேர்த்து, ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தாய் அல்லவா? தம்பிதான் அப்பாவின் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தான். எனக்குப் பாத்திரங்களைப் பிரித்து வைக்கும் வேலை, தம்பிக்கு வீட்டுக்காரரிடம் பேசும் வேலை, அப்பாவுக்கு ‘சம்மதம் தருதல், ஒரு நாள்’. அந்த ஒரு நாள் முடிந்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவர் போனில் செய்தி வர ஆரம்பித்தது, உங்கள் பணி தாமதமாகியுள்ளது என்று. முதல் நாள் சிரித்தார். “மின்சார வாரியத்துல கம்பம் ஏறின காலத்துல கூட எனக்கு இப்படி மெமோ வந்ததில்லடி” என்றார். பிறகு சிரிப்பு குறைந்தது. முதல் மாடித் தையல்காரம்மா வேறு நம் வாசலுக்கு வந்தபோது, “என்ன மோட்டார் சார், உங்க பொண்ணு உங்களுக்கே மேனேஜர் ஆயிட்டாளாமே, லீவு வேணும்னா அவகிட்டதான் கேக்கணுமா?” என்று கேட்டுவிட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அப்பா அன்று முழுக்க போனையே தொடவில்லை.

தம்பி வந்தபோது அப்பா போனை அவன் மடியில் போட்டு, “இந்தத் தொல்லையை நிறுத்துடா” என்றார். உன் தம்பிக்கு எதையும் சுலபமாக முடிக்க வேண்டும். அந்த வேலைக்கு நேரே நூறு சதவீதம் முடிந்தது என்று போட்டுவிட்டான், செய்தி வராமல் போகும் என்று நினைத்து. வகுப்பில் வராத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை குரலை மாற்றி ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லுமே, அதே வேலை. நான் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன், என் பிள்ளையை விட்டுவிட்டேன் பார். ஆனால் சாஃப்ட்வேர் டீச்சரைப் போல நிமிர்ந்து பார்க்குமா? சம்மதம் முடிந்தது, அடுத்த வேலை தொடங்கலாம் என்று சாமான் ஏற்றும் கம்பெனிக்குத் தகவல் போய்விட்டது. பயிற்சிக்குத்தானே என்று நீ அவர்களுடைய நிஜ முகவரியைக் கொடுத்திருந்தாய். மறுநாள் காலையில் வாசலில் இரண்டு பேர் அளவு டேப்போடு நிற்கிறார்கள். “சார், கட்டில் பிரிக்கிற கட்டிலா, அப்படியே தூக்கணுமா?” என்று கேட்கிறார்கள். அப்பா பனியனோடு நின்று என் முகத்தைப் பார்க்கிறார், எனக்கும் ஒன்றும் தெரியாது. அன்று சாயங்காலம்தான் நீ அவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிட்டு, “ஒத்துக்கிட்டதுக்கு தேங்க்ஸ்ப்பா” என்றாய். “நான் எப்பம்மா ஒத்துக்கிட்டேன்?” என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து தன்னை ஒரு பீரோ மாதிரி தூக்கி வைக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்தார். அப்பா வேண்டுமென்றே உன்னை அவமானப்படுத்தினார் என்று நீ நினைத்தாய். நடுவில் நூறு சதவீதம் போட்டவன் இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. நேற்று வந்து எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னான். உனக்கும் எழுதச் சொல்லியிருக்கிறேன், எழுதுவான், கொஞ்சம் திட்டிவிட்டு மன்னித்துவிடு.

அவன் சொன்னதைக் கேட்டு அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “அந்தப் படத்தைக் காட்டு” என்று கேட்டார். தம்பி பெரிய திரையில் உன் திட்டத்தைத் திறந்தான். நீலப் பட்டைகள் ஒன்றன் கீழ் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி இறங்கின, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி. புராஜெக்டுக்கும் புரோகிராமுக்கும் என்ன வித்தியாசம் என்று நீ எனக்கு ஒரு முறை விளக்கினாய். பள்ளி ஆண்டு விழாவை வைத்து நான் அதைப் புரிந்துகொண்டேன், மேடை போடுவது ஒரு புராஜெக்ட், நாடகம் இன்னொன்று, எல்லாம் சேர்ந்து அந்த ஒரு சாயங்காலத்துக்காக ஓடுவது புரோகிராம் என்று. அதையே அப்பாவுக்கும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பட்டையாகப் படித்தார். புது வீட்டுக் குளியலறையில் கைப்பிடி பொருத்துவது என்று நீ போட்டிருந்த இடத்தில் நின்றுவிட்டார். “எனக்கே இது தோணல, அவளுக்குத் தோணியிருக்கு பாரு” என்றார். கடைசி வரை போய்விட்டு, “மோட்டார் எங்க?” என்று கேட்டார்.

சிட்டு, எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. கட்டடத்துக்கே தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் நம் வாசலில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. அதைப் போடுவதும், மேல்தொட்டி நிறைந்து வழியும் சத்தம் கேட்டதும் அணைப்பதும், எந்த வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அங்கேயே இருக்கும் வால்வைத் திருகுவதும் அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருக்கும் வேலை அதுதான். நாம் கீழே போய்விட்டால் மறுநாள் காலை யார் வீட்டிலும் முகம் கழுவத் தண்ணீர் இருக்காது. டாக்டர் படி ஏறாதீர்கள் என்று சொன்னதிலிருந்து அவர் தெருவையே பார்ப்பதில்லை, மருந்துக்குக் கூட நான்தான் போகிறேன், அப்படியும் இந்த வீட்டை விடமாட்டேன் என்கிறாரே, என்ன பிடிவாதம் என்று நானே உன்னிடம் எத்தனை முறை குறைப்பட்டிருப்பேன். அவர் வாய் திறந்து சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் அந்த நூறைப் பூஜ்யமாக்கச் சொன்னார். பிறகு அதற்கு முன்னால் புது வேலைகளைச் சேர்க்கச் சொன்னார். சுவிட்சைத் தரைத்தளத்துக்கு இறக்குவது, தொட்டி நிறைந்தால் தானாக அணைகிற கருவி வைப்பது, தையல்காரம்மாவுக்கு மோட்டாரையும் மேலே இருக்கும் வால்வையும் பழக்குவது. கேட்டதும் அந்த அம்மா, “எனக்கு மிஷின் ஓட்டத் தெரியும் சார், ஆனா இது தண்ணி துப்புற மிஷின் ஆச்சே” என்றார், ஆனாலும் இன்று காலையே வந்து நின்றார். வயர் எந்த வழியாக இறங்க வேண்டும் என்று அப்பா ஒரு படம் போட்டு வைத்திருக்கிறார். கம்பம் ஏறிய கை, கோடு இன்னும் ஆடவில்லை.

இப்போது உனக்கு. இந்தத் திட்டத்தை அழித்துவிட்டு, ஏதோ கற்பனை ஆபீசை மாற்றுவதாகப் போட்டுப் பயிற்சியை முடிக்கப் போவதாகத் தம்பிக்கு எழுதியிருக்கிறாய். மதிப்பெண்ணுக்கு அது போதும், எனக்குத் தெரியும். ஆனால் அழிக்காதே கண்ணா. உன் ஆசிரியர் முன்னால் விளக்கும்போது தப்பு நடந்த இடத்தையும் சேர்த்தே காட்டு. வழியில் அடித்துத் திருத்தியது தெரிகிற கணக்கைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கூடுதலாக ஒரு நம்பிக்கை வரும், இந்தப் பிள்ளை தானே போட்டது என்று. நீ போடாத வேலைகள் இப்போது அதில் இருக்கின்றன, திறந்து பார். சம்மதத்துக்கு நேரே மட்டும் இன்னும் பூஜ்யம்தான் இருக்கிறது. அதையும் போட்டுவிடலாமா என்று தம்பி கேட்டதற்கு அப்பா, “அதை மிஷின்கிட்ட சொல்ல மாட்டேன். அவ என்கிட்ட கேக்கவே இல்லையே” என்றார். உண்மைதான், நாம் எல்லோரும் அவருக்கு வீட்டைப் பற்றிச் சொன்னோம், காரணம் சொன்னோம், நாள் கூடச் சொன்னோம். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. என்னிடம் பேசிவிட்டு அப்பாவிடம் கொடுக்கச் சொல்லாதே, நேராக அவர் போனுக்கே கூப்பிடு. செய்தித் தொல்லையால் அதை ஊமையாக்கி வைத்திருந்தார், இன்று காலை தம்பியிடம் கொடுத்துச் சத்தத்தைத் திரும்ப வைத்துக்கொண்டார். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று நானும் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். “கேள்வி வரட்டும்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முகத்தை நான் வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். விடை தெரிந்த பிள்ளை சில சமயம் கையைத் தூக்காது. டீச்சர் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீ எடுத்த படிப்பு நல்லபடியாக முடிந்து, நினைத்த வேலை கைகூட எங்கள் இருவரின் மனப்பூர்வமான ஆசிகள். ஒன்று மட்டும் மறக்காதே, காலையில் மோட்டார் ஓடும் நேரத்தில் கூப்பிடாதே, அந்தச் சத்தத்தில் அவருக்கு நீ கேட்பது காதில் விழாது.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அம்மா