எந்தத் தெரு

அன்பு வான்மதி,

யார் வீட்டில் பிறப்போம் என்று தெரியாமல் சட்டம் எழுதினால்தான் அது நியாயமாக இருக்கும் என்று வகுப்பு விவாதத்தில் பேசி ஜெயித்தேன். நீதான் அதிகம் கைதட்டினாய்.

அன்று மாலை அம்மா, "உன் ஃபிரெண்டுக்கு இந்தியாவுல, சொந்த ஊர்ல எந்தத் தெருன்னு கேளுடி" என்றாள். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னதை அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"தமிழ் ஸ்கூலுக்கு இனிமே அவ நம்ம கார்ல வேணாம். சீட் இல்லன்னு மெசேஜ் பண்ணிடு."

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அனுப்பினேன்.

சீட் இருந்தது. ஞாயிறன்று மில்பிடாஸில் இருக்கும் தமிழ் ஸ்கூல் வரை பின் சீட்டில் நான் மட்டும்தான்.

"பரவால்லடி, இவ்ளோ நாள் கூட்டிட்டுப் போன அங்கிளுக்கு தேங்க்ஸ் சொல்லு" என்று எழுதியிருந்தாய். அப்பாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

உன்னிடம் பொய் சொன்னவள்