மூன்றுக்குக் கீழே

வாட்டர்லூ, அயோவா
மார்ச் 4, 1967

அன்புள்ள லியோ,

நீயும் ரூத்தும் சௌக்கியம்தானே? டூலூத்தில் இன்னும் பனி கொட்டுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். இங்கே பனி போய்ச் சேறு வந்திருக்கிறது.

நாம் ஆடிய பேஸ்பால் லீக் தன் ஐம்பதாம் ஆண்டுப் புத்தகம் போடுகிறது. பந்து வீசும் பிட்சர்களில், கொடுத்த ரன்னின் சராசரி மூன்றுக்குக் கீழே உள்ளவர்களுக்கெல்லாம் சேர்த்துப் படத்தோடு ஒரு தனிப் பக்கமாம். ஒன்பது வருஷம் வீசினேன். ஒன்பது இன்னிங்ஸுக்கு நான் கொடுத்த ரன் 3.01. அதே லீக்கில் வீசிய பக் டில்மன் 2.99. ஆணி வாங்க என் கடைக்கு வந்தவன், "என்னப்பா ஆர்லோ, ஒரு நூல்ல போச்சு போல!" என்று எல்லார் முன்னாலும் சிரிக்கிறான். என் பந்தில் பாதி வேகம் இருக்குமா அவனுக்கு?

1952 ஆகஸ்ட் ஆட்டம் நினைவிருக்கிறதா? இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்திருக்கும். என் பின்னால் பந்தைத் தடுக்க நிற்கும் ஷார்ட்ஸ்டாப் நீ. உன்னைத் தாண்டிப் போன பந்தை, அடித்தவன் திறமை என்று ஹிட் கணக்கில் எழுதிவிட்டார்கள். அதை உன் பிழை என்று எழுதியிருந்தால் அதன்பின் வந்த நாலு ரன்னும் என் தலையில் ஏறியிருக்காது. என் சராசரி 2.98 ஆகியிருக்கும். பந்தைத் தவறவிட்டவனே கையெழுத்திட்டுக் கொடுத்தால் திருத்துகிறோம் என்கிறார்கள்.

உன் ஆர்லோ

டூலூத்
மார்ச் 15, 1967

அன்புள்ள ஆர்லோ,

உன் கடிதத்தில் என் முட்டிவலியைக்கூட விசாரிக்காமல் 1952-க்கு ஓடிவிட்டாய். போகட்டும்.

அந்தப் புத்தகத்தில் எனக்கும் ஒரே ஒரு வரி வருகிறது: பிழையில்லாமல் தொடர்ந்து அறுபத்தொரு ஆட்டம், லீக்கில் வேறு யாரும் எட்டாதது. நீ சொல்லும் ஆட்டம் அதற்கு நட்டநடுவில். டில்மன் கிடக்கிறான், விடப்பா. நவம்பரில் மான் வேட்டைக்கு வா, ரூத் உனக்குப் பிடித்த ஆப்பிள் பை செய்வாள்.

உன் லியோ

வாட்டர்லூ
மார்ச் 20, 1967

லியோ,

கடையில் உட்கார முடியவில்லை. ரசீதின் பின்பக்கமெல்லாம் வகுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அன்று பந்து கல்லில் பட்டெல்லாம் துள்ளவில்லை. அது உனக்கும் தெரியும். ஏப்ரல் பத்துக்குள் உன் கையெழுத்தோடு தாள் லீக்குக்குப் போக வேண்டும்.

ஆர்லோ

டூலூத்
மார்ச் 29, 1967

ஆர்லோ,

நீ கேட்ட தாள் இத்துடன் இருக்கிறது. கையெழுத்திட்டிருக்கிறேன்.

பந்து துள்ளவில்லைதான். கையுறையில் பட்டுக் கால் நடுவே போனது. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் எழுதும் பத்திரிகைக்காரர் நம் அறைக்கு வந்து கேட்டார். மேல் லீக்குக்கு ஆள் எடுப்பவர் ஒருவர் அன்று என் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். நான் வாய் திறக்குமுன் நீதான் சொன்னாய்: "கல்லுல பட்டுத் துள்ளிடுச்சு சார். அவன் என்ன பண்ணுவான்? ஹிட்டுன்னே போடுங்க."

பின்னால் நிற்பவன் பந்தை விட்டால் பிட்சர் திரும்பி முறைக்கக் கூடாது என்பார்கள். எல்லாரும் முறைத்தார்கள். நீ மட்டும் குனிந்து, கை வழுக்காமலிருக்கத் தடவும் பிசின் பொடிப் பையை எடுப்பாய், அடுத்த பந்தை வீசுவாய். இதை ரூத்திடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பதினைந்து வருஷம் கழித்து இப்போது திரும்பி முறைத்துவிட்டாய். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

லியோ

வாட்டர்லூ
அக்டோபர் 22, 1967

அன்புள்ள லியோ,

ஜூனில் எழுதினேன், ஆகஸ்டில் எழுதினேன். இது மூன்றாவது.

புத்தகம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் டில்மனுக்கு ஒரு வரி மேலே என் பெயர். கடைக்கு வந்து கை குலுக்கினான். "கடைசியில என்னைத் தாண்டிட்டியேப்பா!" என்றான். அன்று மத்தியானம் வரைக்கும் சந்தோஷமாக இருந்தேன். பிறகு உன் வரியைத் தேடினேன். அங்கே யாரோ ஒருவன் பெயர், ஐம்பத்துமூன்று ஆட்டம் என்று போட்டிருக்கிறது.

தாளைத் தபாலில் போடும்போது உன் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. படித்துவிட்டுத்தான் போட்டேன். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த மாதம் மான் வேட்டை. வரலாமா என்று ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. அந்த ஒன்பது வருஷமும் நான் திரும்பிப் பார்க்காததற்குப் பெருந்தன்மை காரணமில்லை. பின்னால் நீ நிற்கிறாய் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இப்போது வருகிறது.

உன் ஆர்லோ