முட்டிக்கு ஒரு நாற்காலி

வாழவந்தி நாடு
12.8.2004

கண்ணு கோகிலவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஆடு மாடு, என் புது முட்டி எல்லாரும் சுகம். டெல்லி வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கணும்.

சேலம் ஆஸ்பத்திரியில் என் முட்டி ஆபரேஷன் தையலைப் பிரித்து, நீ டெல்லிக்கு ரயிலேறிய பிறகு ஜீப் வைத்து மலைக்கு வந்தோம். ரோடு முடிகிற இடத்திலிருந்து பழையபடி கம்பில் போர்வையைக் கட்டி அதில் என்னைப் போட்டுத்தான் தூக்கிவந்தார்கள், புது முட்டியோடு பிணம் மாதிரி ஊருக்குள் வந்தவள் நான் ஒருத்திதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தழும்பைத் தடவிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் கண்ணாயி அத்தை, மழையில நனைஞ்சா உள்ளே இருக்கற இரும்பு துருப்பிடிக்காதா என்று கேட்டாள். தரையில் உட்காரவோ குத்தவைக்கவோ கூடாது என்று டாக்டர் சொன்னாரே, உன் அப்பா செம்மேட்டுச் சந்தையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, ஒன்றின் நடுவில் அரிவாளைக் காய்ச்சி வட்டமாக ஓட்டை போட்டுவிட்டார். அது கொல்லைப்பக்கம் இருக்கிறது, எதற்கென்று நர்ஸான உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

போன ஞாயிறு கோயில் முன்னால் ஊர்க்கூட்டம், சர்க்கார் போடப்போகிற புது ரோட்டை எதுவரைக்கும் கேட்டு மனு எழுதுவது என்று பேச. ஊர்க்கவுண்டர் சின்னுசாமி தன் மிளகுத் தோட்டத்தோடு நிறுத்தப் பார்த்தார். ரோடு ஊருக்கு வெளியே அங்கேயே நின்றால் நாளைக்குப் பிரசவத்துக்குப் போகிறவளுக்கும் போர்வைதான். அதனால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நானும் போனேன், பின்னால் அப்பா நாற்காலியோடு. நம்ம வழக்கம் உனக்குத் தெரியும், கூட்டத்தில் எல்லாரும் தரையில், பெண்கள் கடைசியில். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், ஆம்பளைங்க முன்னாடி பொம்பளை உசரமா உக்காரலாமா எறங்கு என்றார் கவுண்டர். முட்டி மடங்காதுங்க, வேணும்னா டாக்டரைத் திட்டுங்க என்றேன். பொம்பளைக்குக் கீழே உட்காரமாட்டோம் என்று ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுகொண்டார்கள். உன் அப்பா கவுண்டருக்குப் பாவம் பார்த்து, இருங்க உங்களுக்கும் ஒண்ணு இருக்குதுங்க என்று வீட்டுக்கு ஓடி இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஓட்டை நாற்காலி. கவுண்டர் குனிந்து அதற்குள்ளே பார்த்தார். பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

அப்புறம் நான் அவசரமில்லாமல் பேசினேன். என்னைத் தூக்கிவந்த மாணிக்கமும், தோளு போச்சுங்க, இனி யாரையும் தூக்க முடியாது என்றான். வெயில் ஏற ஏற பெரியவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். உட்காரவும் மனசில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைசியில் கவுண்டரே, சரி ஊருக்குள்ளயே வரட்டும், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூட்டத்தை முடிங்கடா என்றார். மனு செம்மேடு ஆபீசுக்குப் போயாச்சு. இத்தனை வருஷம் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து நியாயம் கேட்டோம், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அவர்கள் முட்டி வலித்ததும் ஏறிவிட்டது. நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

பயிற்சி விடாமல் செய்கிறேன். நீ ராத்திரி டூட்டி முடிந்ததும் தூங்கு. அரப்பளீஸ்வரர் உன்னை நல்லபடி வைப்பார். வரும்போது வாக்கர் காலுக்கு ரப்பர் வாங்கி வா, நம்ம ஊர்க் கல்லில் தேய்ந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்குக் கண்ணாயி அத்தையும் முட்டி வலி, நாற்காலி வேணும் என்கிறாள். நேற்றுத்தான் பலாமரம் ஏறிக் காய் வெட்டினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

உன் அம்மா
பொன்னாயி