பெருங்காயம் போட்ட காபூல் புலாவ்

இன்று காலை மருமகள் புதுப் பெருங்காய டப்பாவைத் திறந்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கு கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோடு அப்படியே மூக்கில் ஏறிவிட்டது. சுக்கு மூட்டை, மிளகுத் தூசி, படகுத்துறைச் சேறு, எல்லாவற்றுக்கும் மேலே கான் சாகிப்பின் பெருங்காயம். பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இதையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்ல? உனக்கே எழுதுகிறேன்.

நீயும் நானும் ஒரே மிளகுக் கம்பெனியில் குமாஸ்தாக்கள். எடை போடும் ஹம்சா நமக்கு மூன்றாவது ஆள். வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் கான் சாகிப் காபூலிலிருந்து பெருங்காயமும் திராட்சையும் கொண்டுவந்து, கிடங்குக்கு மேலே இருந்த லாட்ஜில் தங்குவார். ஊருக்குப் புறப்படும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நமக்கு விருந்து. நீள அரிசி, சீவி நெய்யில் வதக்கிய காரட், திராட்சை, நடுவில் புதைத்து வைத்த ஆட்டுக்கறி. ஒரே தாம்பாளத்தில் கொட்டி, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கையை விட்டுச் சாப்பிட வேண்டும். அவர் ஊர் வழக்கம் அது.

எல்லாரும் என்றா சொன்னேன்? உன்னைத் தவிர! பாலக்காட்டு ஐயர், எச்சில் என்றால் உனக்கு உயிரே போய்விடும். சொந்தத் தம்ளரில்கூட உதடு படாமல் தூக்கித்தான் குடிப்பாய். உனக்காக அவர் கறி சேராமல் தனிப் பாத்திரத்தில் சமைப்பார். நீ வீட்டிலிருந்து கொண்டுவந்த வாழை இலையை விரித்து ஒரு முழம் தள்ளி உட்காருவாய். கான் சாகிப் தாம்பாளத்தில் உன் பக்கத்து ஓரத்தை மட்டும் கடைசிவரை தொடாமல் விட்டுவைப்பார். நீயும் அதைப் பார்த்தாய். பார்க்காத மாதிரி இருந்தாய்.

சாப்பிட்டுப் படி இறங்கும்போது உன் புலம்பல் வேறு. "எல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஒரு சிட்டிகை காயம் போட்டா என்ன கொறஞ்சுடும்? அத்தனையும் விக்கறதுக்கே வெச்சுண்டிருக்கார்டா மனுஷன்!"

எழுபத்தொன்பதில் சரக்கு விற்காமல் அவர் வருஷக் கடைசிவரை தங்கிவிட்டார். அப்போதுதான் அவர் நாட்டுக்குள் ரஷ்யப் பட்டாளம் புகுந்த செய்தி வந்தது. வீட்டிலிருந்து கடிதம் நின்றுபோயிற்று. மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு தகவலும் இல்லை. மனுஷர் பாலில்லாத சாயாவைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. சட்டை தோளிலிருந்து தொங்கியது. "இப்படியே போனா இந்த ஆளை நாமதான் எடுத்து அடக்கம் பண்ணணும், கேட்டோ," என்றான் ஹம்சா. சொல்லிவிட்டு அழுதான்.

"இந்தத் தடவை நாம சமைக்கலாம்," என்றாய் நீ. கறி இல்லாமலா என்று ஹம்சா முனகியதற்கு, "நான் சமைச்சா அப்படித்தானாக்கும்," என்று வேட்டியை மடித்துக் கட்டினாய். எல்லாம் அவர் செய்வது போலவே செய்தாய். கடைசியில் அவர் பையிலிருந்தே நல்ல காயமாக எடுத்து, நெய்யில் பொரித்து, தாராளமாகக் கொட்டினாய். அவருக்கு மரியாதை செய்கிறாயாம்!

தாம்பாளத்தை முன்னால் வைத்ததும் கான் சாகிப் மோந்து பார்த்தார். முகம் எப்படியோ போயிற்று. "இதில் ஹிங் போட்டீர்களா? எங்கள் ஊரில் ஆட்டுக்கு வயிறு உப்பினால்தான் இதைக் கொடுப்போம்," என்றார் ஹிந்தியில். இத்தனை வருஷம் நமக்கு விற்றவர் அதை வாயில் வைத்ததே இல்லை! ஹம்சா குலுங்கிச் சிரித்தான். அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "வீட்டில் ஐந்து கை ஒரே தாம்பாளத்தில் இருக்கும். என்னால் முடியவில்லை, தம்பி," என்று கையை இழுத்துக்கொண்டார்.

நீ உன் இலையை மடித்தாய். ஒரு பருக்கை அதில் விழவில்லை, அதற்குள் மடித்தாய். நகர்ந்து வந்து, அவர் எப்போதும் உனக்காக விட்டுவைக்கும் அந்த ஓரத்தில் உட்கார்ந்து, தாம்பாளத்தில் கையை வைத்தாய். "இதோ நாலு கை இருக்கு. எடுங்கோ," என்றாய், பரீட்சைக்குப் படித்த உன் ஹிந்தியில்.

அவர் ஒரு கவளம் எடுத்தார். மெதுவாக மென்றார். "ஹிங் கொஞ்சம் அதிகம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாம்பாளம் காலியாகும்வரை நாம் நாலு பேரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வருஷம் பாகிஸ்தானின் பெஷாவரிலிருந்து அவர் கார்டு வந்தது, ஐந்து பேரும் சேர்ந்துவிட்டோம் என்று. அதை நீ சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தாய். ஆனால் மறுபடி தம்ளரைத் தூக்கித்தான் குடித்தாய். உன்னைத் திருத்த முடியுமா?

கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று உன் மனைவி தாளித்த தயிர் சாதம் கொண்டுவந்தாள். இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாய். நான் அதை இழுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன். "எச்சில்டா அது," என்று தடுப்பாய் என்று நினைத்தேன். நீ பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "காயம் ஜாஸ்தியோடா?" என்றாய்.

ஜாஸ்திதான். ஆனால் அந்த ருசி இன்னும் என் வாயை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம்.