கிட்டாரின் கழுத்துக்குள் இருந்த எழுத்து

மாமா,

நேற்றுக் காலை அக்கா சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினாள். முட்டிவலிக்காரி, தனியாக வந்திருக்கிறாள். கையில் பழைய போர்வையில் சுற்றிய உங்கள் கிட்டார். போர்வையைப் பிரித்ததும் துருவும் அந்துருண்டையும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. உங்கள் காரியம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. "இத ரிப்பேர் பண்ணணும்டா" என்றாள். எனக்கு உடனே சந்தேகம். இத்தனை வருஷமாக உங்கள் வீட்டுப் பரணில் கிடந்ததை ஒரு நாளாவது துடைத்தவள் இல்லை அவள். இனி அதை வாசிக்கவும் ஆளில்லை. பிறகு எதற்கு ரிப்பேர்? கேட்டால், காப்பி ஆறுது குடி என்கிறாள்.

சந்தேகப்படுவது என் பிறவிக்குணம் என்பீர்கள். "மச்சான் கோயிலுக்குப் போனாலும் உள்ள சாமி இருக்கான்னு எட்டிப் பாத்துட்டுதான் கும்புடுவான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர்தானே நீங்கள். பிறவிக்குணமெல்லாம் இல்லை, அப்பாவிடம் கற்றது. கடலூர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த மனிதருக்கு வாசலில் வந்து நிற்கும் பால்காரன்கூடச் சாட்சிக் கூண்டில் நிற்பவன்தான்.

அறுபதுகளின் நடுவில் அக்காவுக்கு உங்கள் ஜாதகம் வந்தது. பொருத்தம் எட்டு. சிங்கப்பூரில் எலக்ட்ரிக் கடையில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மாப்பிள்ளை. அப்பாவுக்கு அந்த நாலு வருஷம்தான் உறுத்தியது. உள்ளூர்க்காரனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். கடல் தாண்டி இருந்தவனைப் பற்றி யாரைப் போய்க் கேட்பது? கப்பலேறிப் போன சிலர் அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று வைத்திருந்தது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அந்த நேரம் பார்த்து நீங்களே வந்து மாட்டினீர்கள். திருப்பாதிரிப்புலியூர் ரயிலடிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த ரேடியோ ரிப்பேர் கடைக்கு, ஊமையாகிப் போன எலக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "அமெரிக்கா சாமான் மச்சான். கப்பல்ல உப்புக்காத்து பட்டுக் கெட்டுப்போச்சி. பாத்து செய்யி." நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் மச்சானா! அப்பாவிடம் சொன்னேன். "சாட்சி தானா வந்து ஆஜராவுது. விடாத. கிட்டாரப் பாக்குற சாக்குல ஆளப் பாரு" என்றார்.

பார்த்தேன். தலைப்பக்கத்தில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் மட்டும் இருந்தன. வாங்கும்போதே பெயர் இல்லை என்றீர்கள். பெயரே இல்லாத சாமானை அமெரிக்கா என்று எவன் நம்புவான்? உடம்பும் நல்ல மரம் இல்லை. மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டி, மேலே சிவப்பு வார்னிஷ் அடித்தது. ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தது. கழுத்தையும் உடம்பையும் பிணைக்கும் தகடு ஒன்று முதுகுப்பக்கம் இருந்தது. அதன் அழுக்கைப் பிளேடால் சுரண்டினேன். மேட் இன் ஜப்பான்.

உங்களைப் பொய்யில் பிடித்துவிட்டேன் என்று அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னாங்க பெரியவங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு பொய்க்கே இந்தக் குதி குதிக்கிறீங்களே!"

மறுநாள் நாலு திருகாணியையும் கழற்றிக் கழுத்தைத் தனியே எடுத்தேன். கழுத்து உட்காரும் பள்ளத்தில் பென்சிலால் கோடு கோடாக மூன்று எழுத்து, சீன எழுத்து மாதிரி. அதைச் சுற்றி ஒரு வட்டம் வேறு. திருகாணியைக் கழற்றினால் மட்டுமே தெரிகிற இடத்தில் ஓர் ஆண்பிள்ளை எதை எழுதி ஒளித்து வைப்பான்? வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பெண் பெயர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன். "அங்க ஒரு சீனாக்காரிய வச்சிருக்காருப்பா. அவ பேரத்தான் உள்ள எழுதி மூடி வச்சிருக்காரு." அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "நெனச்சேன். ஆனா ருசு வேணும்." அடுக்களையில் அக்கா அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நடுவில் நின்றதா, எனக்கு நினைவில்லை. அப்போது நான் கவனிக்கவே இல்லை.

கடலூர் முதுநகரில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் பினாங்கில் பதினைந்து வருஷம் இருந்தவர். எழுத்தைத் தாளில் பார்த்து வரைந்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "ஏழு, பத்து, மூணு. எழுவத்தி மூணு. என்னா தம்பி, மூட்ட நம்பரா?" என்றார்.

"பொம்பள பேரு இல்லையா பாய்? ஜப்பான் கிட்டாரு ஒண்ணு, கழுத்தக் கழட்டுனா உள்ள இருக்கு."

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. "பொம்பளைக்கு எவனாச்சும் எழுவத்தி மூணுன்னு பேரு வைப்பானா? சீனாக்காரனும் ஜப்பான்காரனும் நம்பருக்கு ஒரே எழுத்துதான். கதவும் நெலையும் மாறிடக் கூடாதுன்னு தச்சன் குறி போடல? அந்த மாதிரிதான். இந்த ஒடம்புக்கு இந்தக் கழுத்து."

நானா நம்புவேன்? நீங்கள் முன்கூட்டியே அவரைப் பார்த்துப் பேசி வைத்திருந்தால்? ஒன்றிலிருந்து பத்துவரை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கழுத்தின் அடிப்பாகத்தில் பசை அப்பியிருந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்தால் அங்கேயும் அதே எழுபத்து மூன்று. மறுநாள் நீங்கள் வந்தபோது, இது ஜப்பான் சாமான் என்று சொன்னேன். உங்கள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "அமெரிக்கான்னு சத்தியம் பண்ணி வித்தானே அந்தப் பாவி!" ஏமாற்றுகிறவனுக்கு அந்த முகம் வராது மாமா. ஏமாந்தவனுக்குத்தான் வரும்.

நேரே கோர்ட்டு வாசலுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப சரி. ஆவணியில நாள் பாக்கச் சொல்றேன்" என்றார். வீட்டில் அம்மாவிடம் அவர் சொன்னது ரெண்டே வார்த்தை: "விசாரிச்சாச்சி. சரிதான்." நம் வீட்டில் ஆண்கள் விசாரித்து முடித்துவிட்டால் அதற்கு மேல் அடுக்களைக்கு விவரம் போகாது.

அதற்குப் பிறகுதான் நான் கிட்டாரை மனசார ரிப்பேர் செய்தேன். துருப்பிடித்த முறுக்காணிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். விட்டுப்போன ஒட்டில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, கயிற்றால் இறுக்கி ரெண்டு நாள் வைத்தேன். தந்திகளுக்கு அடியில் இருந்த காந்தச்சுருள் அறுந்திருந்தது. பழைய ஹெட்போனைப் பிரித்து, மயிரிழைக் கம்பி எடுத்து, மறுபடியும் கையாலேயே சுற்றினேன். ரேடியோவுக்குப் பின்னால் கிராமபோன் மாட்டும் துளையில் அதைச் செருகி நீங்கள் தந்தியைத் தட்டினீர்கள். ரேடியோ கிட்டாராகப் பேசியது! ரயிலுக்கு நின்றவர்கள் பாதிப் பேர் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

கல்யாணம் நடந்தது. சிங்கப்பூர் முதலாளி உங்களைத் திரும்பக் கூப்பிட்டு ரெண்டு தடவை கடிதம் போட்டார். அக்கா உங்கள் பாஸ்போர்ட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள், சாப்பிடாமல் படுத்தாள். நீங்கள் போகவில்லை. சிதம்பரம் கீழவீதியில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக் கடை போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள். சிங்கப்பூர் தபால் வந்தால் உங்களுக்கு முன்னால் அவள் பிரிப்பாள். "சந்தேகத்துல ஒங்கக்கா ஒன்னவிட ஜாஸ்தி மச்சான்" என்பீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். "என்னப் பிரிஞ்சி ஒரு நாள் இருக்க மாட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டீர்கள்.

நேற்றுக் காப்பி குடித்த பிறகு, "கழுத்தக் கழட்டு. உள்ள எழுதியிருக்கே, அதக் காட்டு" என்றாள். இவளுக்கு எப்படித் தெரியும்? கழற்றிக் காட்டினேன். பென்சில் எழுத்து அழியவே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவ பேரு என்னாடா? படிச்சி சொல்லு. உசுரோட இருந்தா அவளுக்கும் சேதி சொல்லணும் இல்ல? அவளும் தாலி கட்டிக்கிட்டவளோ என்னமோ."

அன்று கூடத்தில் நான் அப்பாவிடம் சொன்னது அடுக்களைவரை கேட்டிருக்கிறது. நம்பர் என்றேன். பாய் சொன்னதை, கழுத்தில் இருந்த குறியை, அப்பா டீ குடித்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. எழுத்தின் மேல் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு தடவ அவரக் கேட்டிருக்கக் கூடாதாக்கா?"

"ஆமான்னு சொல்லிட்டார்னா நான் எங்கடா போறது?"

மாமா, அவள் உங்களைக் கப்பலேற விடாததற்கு உங்கள் மேல் இருந்த ஆசைதான் காரணம் என்று கடைசிவரை நம்பினீர்கள். அது பொய்யில்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி நான்.