என் பென்டிரைவில் ஓடிய பிராசஸர்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. தொழிற்சாலைக்கு இருபது கம்ப்யூட்டர் வாங்கும் பொறுப்பை முதலாளி என்னிடம் விட்டார். போட்டியில் இருந்த பழையதும் புதியதுமான இரண்டு பிராசஸர்களையும் ஒப்பிட்டேன். புதியது வேகத்தில் ஒன்றரை மடங்கு, விலையில் பாதி. என் வழக்கப்படி பென்டிரைவில் இருக்கும் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு மூன்று நாள் பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது.

இங்கே பட்டம் வாங்கிய இன்ஜினீயர் பையன் ஒருவன் மட்டும், "பெரியவரே, நம்ம வெட்டு மெஷின் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துலதானே ஓடுது? அதைப் போட்டுப் பாத்தீங்களா?" என்றான்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டரைப் பிரிச்சு மேஞ்சவன் நான். போய் வேலையைப் பாருப்பா" என்றேன். என்னைப் படிக்காதவன் என்று சிரிப்பவனிடம் வேறு எப்படிப் பேசுவது?

இருபதும் வந்து இறங்கிவிட்டன. இன்று அந்தப் பழைய சிஸ்டத்தைப் போட்டேன். நான்கு முறை முயன்றும் புதிய பிராசஸரில் ஏறவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம். நாளைக் காலை முதலாளி முன்னால் இந்தக் கம்ப்யூட்டரில் வெட்டு மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும். வேலை போனால் பத்து நாளில் இந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்?

எழுத்து கோணலாக இருந்தால் பேனா சரியில்லை என்று வைத்துக்கொள்.

தவறு என்னுடையது என்று முதலாளியிடம் நானே சொல்லிவிடுவேன். அந்த இன்ஜினீயரிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.

போன மாதம் கண்ணாடியும் இரண்டு சட்டையும் கேட்டிருந்தேனே, இன்னும் அனுப்பவில்லையென்றால் அனுப்பாதே. அங்கேயே இருக்கட்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்