தண்ணீரில் நின்ற வண்டிகள்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நகரியிலிருந்து உன் நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க நாராயணவனத்துப் பெருமாள் துணை நிற்க வேண்டும். சுகம் என்று முதலிலேயே எழுதிவிட்டேன், மேற்கொண்டு படிக்கும்போது அதை மறந்துவிடாதே.

புயல் மழையில் நம் தெருவுக்குள் தண்ணீர் வந்ததைப் போனில் சொன்னேன், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. நீ லீவில் வந்தபோது என் பழைய மொபெட்டின் எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டாரும் பேட்டரியும் பொருத்திக் கொடுத்தாயே, அந்த வண்டி தறிக்கொட்டகையில் பேட்டரி மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் துடைத்து வெயிலில் காயவைத்து உள்ளே நிறுத்தினேன், சார்ஜில்கூடப் போடவில்லை, கரண்டே இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அன்று மத்தியானம் நானும் பக்கத்து வீட்டு ரமணாவும் தறி ஓட்டிக்கொண்டிருந்தோம், சீட்டுக்கு அடியிலிருந்து புஸ் என்று சத்தம், பிறகு வெள்ளைப் புகை, கண் எரிகிறது, மூச்சு விட முடியவில்லை. ரமணா ஓடி சீட்டுக் கம்பியைப் பிடித்து இழுக்க நான் பின்னாலிருந்து தள்ளினேன். வாசலைத் தாண்டியதும் குபீரென்று பற்றிக்கொண்டது. தண்ணீர் ஊற்றினால் அணைகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடிக்கிறது, அப்படி ஒரு நெருப்பை நான் பார்த்ததே இல்லை. ரமணாவுக்கு வலது உள்ளங்கை வெந்துவிட்டது, திருப்பதிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம், ஆறிவிடும் என்கிறார்கள், ஆனால் அதுவரை அவனால் தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போட முடியாது. அந்த வலியிலும், பாப்பாவுக்குச் சொல்லாதே, படிச்சுக்கினு இருக்குது என்றான்.

அந்தக் களேபரத்தில்தான் எனக்கு விஜயராகவன் ஞாபகம் வந்தது. துணி விற்கப் போக அவனுக்கும் அதே மாதிரி ஒரு வண்டி செய்து கொடுத்தாய் அல்லவா, அவன் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வண்டி கூடத்தில் நிற்கிறது, பக்கத்தில் தூளியில் அவன் பேரன். நான் வண்டியை வெளியே தள்ளவும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது, என் வண்டியை எங்கே இட்டுக்கினு போறே, உன் பொண்ணு செஞ்சதுமேலே உனக்கே நம்பிக்கை இல்லியா என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். நான் வண்டியை விடவில்லை. தள்ளிக்கொண்டே போய் ஊருக்கு வெளியே வெறும் மண்ணில் நிறுத்தினேன். மறுநாள் காலை அது அங்கேயே தானாகப் பிடித்து எரிந்தது. விஜயராகவன் வந்து பார்த்தான், என் பேரன் அங்கதான் தூங்கிக்கினு இருந்தான் என்று சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

உன் அம்மா சோற்றைத் தொடாமல், அவளை ரயில் ஏறி வரச் சொல்லுங்க, வேற எதுனா படிக்கட்டும் என்கிறாள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆட்டோமொபைல்தான் படிப்பேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்று சேர்ந்தது, முடித்துவிட்டு வா. ஆனால் உன் சாரிடம் நடந்ததை நடந்தபடி சொல், தண்ணீரில் நின்ற பேட்டரியை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எங்களுக்குச் சொல், இந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனை வீட்டில் இப்படி நிற்கிறதோ. நீ செய்தது தப்பு என்று அழாதே, மழை வந்ததற்கு நீ என்ன செய்வாய்.

எனக்குச் சோறு இறங்காமல் இருப்பது வேறு ஒன்றுக்காக. லேபை மாலையில் பூட்டிவிடுகிறார்கள் என்று உங்கள் ப்ராஜெக்ட் பேட்டரியை ஹாஸ்டல் ரூமில் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்றாய். அதை வெளியே வை என்று இந்த வாரம் இரண்டு தரம் சொன்னேன், இரண்டு தரமும் நீ சிரித்தாய், நைனா அது புது பேட்டரி, ஒண்ணும் ஆவாது என்றாய். காரணத்தைச் சொன்னால் போனிலேயே அழுதுவிடுவாய் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இனி சிரிக்கமாட்டாய்.

பெருமாள் உன் கையையும் கண்ணையும் காப்பாற்றட்டும். எழுந்துபோய் சாரைக் கூப்பிட்டு அதை அந்த ரூமைவிட்டு எடுக்கச் சொல், எடுத்ததும் எனக்குப் போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன் நைனா,
நாகபூஷணம்